ஸ்லைடு போடுத பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இங்கன வா. லேப்டாப்பை மூடாமக் கொண்டா. நாளைக்கழிச்சு சென்னையில இன்டர்வியூவாமே? ஏரியா சேல்ஸ் மேனேஜர் வேலைக்கு 10 நிமிசம் படங் காட்டிப் பேசணுமாம், ஒங்க ஆச்சி சொன்னா. என்ன தலைப்பு குடுத்திருக்காவ? ‘வேலையில் சேர்ந்தால் முதல் 90 நாளில் என்ன செய்வீர்கள்?’ சரிதான். எத்தனை ஸ்லைடு போட்டுருக்கே? 38-ஆ! சபாஷ். ஒண்ணுக்குக் கால் நிமிசம். அவுக கண்ணாடியை எடுத்து மாட்டுததுக்குள்ள நாலு ஓடிப் போயிரும், ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது. கெட்டிக்காரன்லே நீ.

மொத ஆறும் அந்தக் கம்பெனியோட வரலாறு. எந்த வருசம் ஆரம்பிச்சது, யாரு மொதலாளி, எங்கெங்க கிளை. ரொம்ப அவசியம். எதுத்தாப்புல உக்காரப் போறவுக 20 வருசமா அங்கனதான் சம்பளம் வாங்குதாவ; பாவம், அவுகளுக்கு இதையெல்லாம் யாரு எடுத்துச் சொல்லுவா? அடுத்த நாலு ஒன் படிப்பு, மார்க்கு, காலேஜுல வாங்குன கப்பு. பயோடேட்டாவைக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கவுகளுக்கு அதையே செவுத்துல போட்டு வாசிச்சுக் காட்டுதே. அது கெடக்கட்டும், அவுக கேட்ட 90 நாளு எங்கலே? 31-வது ஸ்லைடுலயா? அதுக்குள்ள ‘போதும் தம்பி’ன்னு அனுப்பிருவாவளே!

எழுத்தைப் பாத்தா, உபயதாரர் பேரு ஒண்ணு விடாம அடிச்ச கும்பாபிஷேக நோட்டீஸ் கணக்கா இருக்கு. அமெரிக்காவுல கை கவாசாகின்னு ஒருத்தரு. தொழிலுக்குப் பணங் கேட்டு வாரவனெல்லாம் காட்டுன ஸ்லைடைப் பாத்து நொந்து போயி ஒரு கணக்குச் சொன்னாரு: 10 ஸ்லைடு, 20 நிமிசம், எழுத்து 30 பாயிண்டுக்குக் கொறையப்படாது. சந்தேகமா இருந்தா, கூட்டத்துல மூத்த ஆளோட வயசைப் பாதியாக்கி அந்த அளவுல எழுத்துப் போடச் சொன்னாரு. எனக்கு 78. 39-ல போட்டுக் காட்டு, கண்ணாடி இல்லாம வாசிக்கேன். நீ வச்சிருக்கது 12. அப்ப 24 வயசுக்கு மேல ஒருத்தரும் அந்த ரூமுக்குள்ள இருக்கப்படாது. மேனேஜருகிட்ட முன்கூட்டியே சொல்லிரு.

சிரிக்காதே. 2003 பிப்ரவரி 1-ல, கல்பனா சாவ்லாவோட சேத்து ஏழு பேரு வந்த கொலம்பியா விண்கலம் தரைக்குத் திரும்பும்போது ஒடைஞ்சு போச்சுல்லா? கெளம்புனப்பவே ஒரு நுரைத் துண்டு பிஞ்சு எறக்கையில அடிச்சிருந்துச்சு. ஆபத்து உண்டா இல்லையான்னு, அவுக மேல சுத்திக்கிட்டிருக்கும்போதே, இன்ஜினியருமாரு நாசாவுல ஸ்லைடு போட்டுக் காட்டுனாவ. அதுல ஒரு ஸ்லைடோட தலைப்பைப் பாத்தா கவலைப்பட ஒண்ணும் இல்லைங்குத மாதிரி இருக்கும். அடியில, கடைசி வரியில கெடந்துச்சு சங்கதி: சோதனையில பாத்த துண்டு 3 கன அங்குலம், இங்க இருக்கது 1,920. 640 மடங்குலே! அதைப் போயி அடியில வச்சிருக்காவ. ஒரு பெரிய அதிகாரி அந்த ஸ்லைடை வாசிச்சாலும், இது உசுரு போற விசயம்னு புரியாமப் போகலாம்னு விசாரணைக் குழுவே பொறவு அறிக்கையில எழுதுச்சு.

ஒன் ஸ்லைடால யாரு உசுரும் போகப் போறதில்ல, ஒன் வேலைதான் போகும். தலைப்புல ‘அறிமுகம்’, ‘நோக்கம்’, ‘செயல்திட்டம்’னு போட்டுருக்கியே, அதை வாசிச்சவனுக்கு என்ன தெரியும்? ‘மொத மாசம் 40 கடைக்காரரை நேருல பாப்பேன்’னு தலைப்புலயே போடு. எந்த 40, ஏன் அவுகன்னு வாயால சொல்லு. எல்லாத்தையும் செவுத்துல எழுதிட்டா ஒன்னைய எதுக்குலே கூப்பிடணும், மெயில்ல அனுப்பிரலாமே?

அப்புறம், அவுகளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு செவுத்தைப் பாத்து வாசிக்காதே. ஒன் முதுகு நல்ல முதுகுதான், ஆனா அதுக்கு வேலை குடுக்கமாட்டாவ. மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்தேன்னு மழுப்பாதே. இங்கன நின்னு சத்தமாப் பேசு, நான் வெத்தலை மடிச்சிக்கிட்டே மணி பாக்கேன். எட்டு நிமிசத்துல முடியணும். அங்கன வயரு மாட்டவே ரெண்டு நிமிசம் போயிரும். பென்டிரைவுல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு, பிடிஎஃப்பா ஒண்ணு வச்சுக்கோ. ஒன் தமிழ் எழுத்து அவுக கம்ப்யூட்டருல கட்டங் கட்டமாத் தெரிஞ்சா ஆச்சியா வந்து திருத்துவா? காகிதத்துலயும் நாலு பிரதி எடுத்துக்கோ.

நீ முடிச்ச பொறவுதான் அவுக ஆரம்பிப்பாவ. ‘டீலரு பணத்தை இழுத்தடிச்சா என்ன செய்வே?’ன்னு ஒருத்தரு கேப்பாரு. தெரியலைன்னா புளுகாதே. அந்த ஊருல யாருகிட்ட விசாரிப்பே, எந்தக் கணக்கை மொதல்ல எடுத்துப் பாப்பேன்னு சொல்லு. நீ யோசிக்குத விதத்தைப் பாக்கத்தான் அந்தக் கேள்வி. கடைசியில ரோசாப்பூவோட ‘தேங்க் யூ’ போட்டுருக்கே பாரு, அதைத் தூக்கு. அவுக கேள்வி கேட்டு முடியுத வரைக்கும் ஒன் 90 நாள் திட்டம் செவுத்துல நிக்கட்டும். நன்றியை வாயால சொல்லு.

சரி, போயி வெட்டிட்டு வா. ஏழரைக்குள்ள வந்தா முழுசாக் கேப்பேன். அதுக்கு மேல சீரியலு, ஆச்சியும் விடமாட்டா.