வாயில்லா ஜீவனும் வாயுள்ள வைத்தியர்களும்

மனித மருத்துவத்தில் நோயாளி தன் நோயைத் தானே சொல்லிக்கொள்கிறார். கால்நடை மருத்துவத்திலோ நோயாளி வாய் திறப்பதில்லை, உடன்வந்த நால்வரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்பதே இவ்விரு துறைகளுக்கும் இடையிலுள்ள தலையாய வேறுபாடாகும். நாய் இரண்டு நாளாக ஒன்றும் தின்னவில்லை என்று குடும்பத் தலைவர் அடித்துச் சொல்ல, குறுக்கு விசாரணையில் அவருடைய மனைவி வைத்த இரண்டு இட்லியும், மகன் போட்ட பிஸ்கட்டும், பாட்டி ஒருவருக்கும் தெரியாமல் ஊட்டிய நெய்ச்சோறும் ஒவ்வொன்றாக வெளிப்படுவது விலங்கு மருத்துவமனைகளில் அன்றாடம் காணக்கூடிய காட்சி. எனவே முதலுதவி என்னும் கலையின் ஒரு பாதி, விலங்கை நோயிடமிருந்து காப்பது என்றும், மறுபாதி, அதன்மீது உயிரையே வைத்திருப்பவர்களிடமிருந்து காப்பது என்றும் வகுத்துக்கொள்வது பொருத்தமாகும்.

இக்கருத்துக்கு வரலாற்றுச் சான்று தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே கிடைக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், அரேபியர் மாபார் என்று அழைத்த பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து வரும் குதிரைகளை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பொன் கொடுத்து வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், குதிரை வைத்தியம் தெரிந்தவர் எவரும் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார். குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் படுத்துவிடும் என்ற கணக்கு அவ்வணிகர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆயினும் பழி முழுவதையும் அவர்கள்மீது போடுவதற்கில்லை. ஏனெனில் இந்நாட்டார் குதிரைக்கு வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் கொடுத்தார்கள் என்று மார்க்கோ போலோவும், வறுத்த வாற்கோதுமையையும் வெண்ணெய் சேர்த்த தானியத்தையும் தின்னக் கொடுத்துக் காய்ச்சிய பசும்பாலையும் புகட்டினார்கள் என்றும், 40 நாள் கட்டிப்போட்டுக் கொழுக்கவைத்த பிறகு பழக்காமலேயே ஏறி ஓட்டினார்கள் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் குறித்துள்ளனர். சுருங்கச் சொன்னால், கடல் கடந்து வந்த அக்குதிரைகளுக்கு நடந்தது புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் நடக்கும் விருந்து. மாப்பிள்ளைக்காவது மறுவீடு முடிந்தால் விடுதலை உண்டு.

அதே பாண்டிய நாட்டில், மாணிக்கவாசகர் பொருட்டுச் சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்தார் என்றும், அவை இரவோடிரவாகப் பழையபடி நரிகளாகி, லாயத்திலிருந்த மற்றக் குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின என்றும் திருவிளையாடற் கதை கூறுகிறது. விடிந்ததும் லாயம் வெறிச்சோடிக் கிடந்ததற்கு இதைவிடக் கௌரவமான காரணத்தை எந்த லாயக்காரனாலும் சொல்லியிருக்க முடியாது. தமிழ்நாட்டில் நோய்நொடியின்றி நெடுங்காலம் நின்ற குதிரைகள் எவையென்று பார்த்தால், அவை ஐயனார் கோயில் முன்னுள்ள சுடுமண் குதிரைகளே. அவற்றுக்கு எவரும் சோறு ஊட்டுவதில்லை.

சோறு குதிரைக்கு ஏன் ஆகாது என்பதை அதன் வயிறே விளக்குகிறது. சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் மட்டுமே கொள்ளும். நாள் முழுவதும் சிறுகச் சிறுகப் புல் மேயும் பிராணிக்கு அது போதும். புல்லைச் செரிக்கும் பெரும்பணி குடலின் பிற்பகுதியில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சோறும் தானியமும் அளவுமீறிப் போகும்போது, சிறுகுடலில் செரியாத மாவுச்சத்து அந்நுண்ணுயிரிகளைச் சென்றடைந்து புளித்து, அமிலம் பெருகி, நச்சுப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து, குளம்புக்குள் எலும்பைப் பிடித்துத் தாங்கும் மெல்லிய தகடுகளைப் புண்ணாக்குகின்றன. குளம்புத் தகட்டு அழற்சி எனப்படும் இந்நோயில் குதிரை நெருப்பில் நிற்பதுபோல் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும். தின்றது வாய், தண்டனை காலுக்கு.

குதிரையின் இன்னொரு தனித்தன்மை, அதனால் வாந்தியெடுக்க முடியாது என்பது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்திலுள்ள சுருக்குத்தசை அவ்வளவு இறுக்கமானது. உள்ளே போனது வந்த வழியே திரும்பாது. ஆகவே சூலை எனப்படும் வயிற்றுவலி, குதிரையைப் பொறுத்தவரை உயிர்போகும் அவசரமாகும். முன்காலால் தரையைப் பறித்தல், விலாப்புறத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், மேலுதட்டைச் சுருட்டுதல், படுத்துப் புரளுதல், சாணம் போடாதிருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். தீனியை அப்புறப்படுத்துவதும், கடைசியாகச் சாணம் போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்வதும், மருத்துவரை உடனே அழைப்பதும், அவர் வரும்வரை குதிரை ஒத்துழைத்தால் மெல்ல நடத்துவதுமே முதலுதவி. இவற்றில் எதுவும் பார்ப்பவர் கண்ணுக்கு வைத்தியமாகத் தோன்றுவதில்லை என்பதுதான் சிக்கல். கூட்டம் கூடியதும் ஒருவர் விளக்கெண்ணெயும், மற்றொருவர் ஓமத்தண்ணீரும், மூன்றாமவர் இரண்டு சோடாவும் பரிந்துரைக்க, மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயோடு நாலாமவர் வந்து சேர்கிறார். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றப்படும் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் புகுந்தால், வயிற்றுவலியோடு வந்த குதிரை நுரையீரல் அழற்சியோடு போய்ச்சேரும். மூக்கின் வழியாக இரைப்பைவரை குழாய் செலுத்தி மருந்து கொடுப்பது பயிற்சி பெற்ற மருத்துவரின் வேலை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று பழமொழி குறைகூறினாலும், வாய்க்குள் போவதைத் தேர்ந்துகொள்ளும் விஷயத்தில் அது சுற்றி நிற்போரைவிட விவரமுள்ளது என்பதை மறுக்க முடியாது.

நலமாயிருக்கும் நாளில் உடல்நிலையை அளந்து எழுதிவைத்திருப்பவரே நோயுற்ற நாளில் வேறுபாட்டைக் கண்டுகொள்வார். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரையின் வெப்பம் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்; நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. கீழ்த்தாடையின் உட்புறம் ஓடும் தமனியை விரல்நுனியால் அழுத்தி 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் நாடி கிடைத்துவிடும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தபின் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவந்தால் இரத்த ஓட்டம் சீராக இருக்கிறது என்று பொருள். வெப்பமானியோ வாலுக்கடியில் வைக்கப்படுவது. அதன் முனையில் வாசலின் தடவி, மறுமுனையில் நூல் கட்டி, நூலின் நுனியிலுள்ள கிளிப்பை வால்மயிரில் மாட்டி, பின்னங்காலுக்கு நேர்பின்னே நிற்காமல் இடுப்பையொட்டிப் பக்கவாட்டில் நின்று வைக்கவேண்டும். கருவி உள்ளே இழுக்கப்படாமலும் கீழே விழாமலும் இருக்க நூல் உதவுகிறது. அளப்பவர் விழாமலிருக்க நிற்குமிடம் உதவுகிறது.

நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி. இதை அறியாதவர் நாயின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து அதற்கு ஆயுள் முழுவதும் காய்ச்சல் என்று முடிவுகட்டவும், மூக்கு ஈரமாயிருந்தால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தேறவும் கூடும். வெப்பமானி இவ்விரண்டையும் ஏற்பதில்லை. நாய்க்கு ஆகாதவற்றின் பட்டியல், பார்க்கப்போனால், பாசமுள்ள வீட்டின் உணவுப்பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. சாம்பாரிலுள்ள வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் இதயத்தைப் படபடக்க வைக்கிறது. சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் இனிப்பு, இரத்தச் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடுகிறது. பண்டிகை நாளில் பெட்டிக்கடைப் பொறையைத் தின்று திண்ணையில் கிடக்கும் நாய், கூடத்துச் சோபாவில் வளரும் நாயைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது என்று கருத இடமுண்டு.

பூனையின் நிலை இன்னும் நுட்பமானது. வலியை மறைத்துக்கொள்வதில் அதற்கு நிகரில்லை. குரகுரவென்ற ஒலியை அது மகிழ்ச்சியில் மட்டுமின்றி வேதனையிலும் எழுப்பும். மனிதருக்குச் சாதாரணமான பாராசிட்டமால் மாத்திரையைப் பாதுகாப்பாகச் சிதைத்து வெளியேற்றப் போதிய நொதி பூனையின் கல்லீரலில் இல்லாமையால், ஒரே மாத்திரையும் அதன் உயிரைப் பறிக்கக்கூடும். சிவப்பணுக்கள் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்க, ஈறுகள் பழுப்பு நிறமடையும். நாயின் உண்ணிக்கென விற்கப்படும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைமீது தடவுவதும் அதற்கு எமனாகும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைப் புகட்டும் முறை நூல்களில் எளிமையாகவே விவரிக்கப்பட்டுள்ளது: பூனையின் தலை மட்டும் வெளியே தெரியுமாறு துண்டில் சுற்றி, தாடையின் இரு ஓரங்களையும் ஒரு கையால் பிடித்து முகத்தை நிமிர்த்தி, நாவின் பின்பகுதியில் மாத்திரையை வைத்து, அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளாதபடி ஊசியில்லாச் சிரிஞ்சால் சில மில்லிலிட்டர் தண்ணீர் கொடுக்க வேண்டும். நூல்கள் எழுதாமல் விட்ட மூன்றாம் கட்டத்தில், துறவியின் முகபாவத்தோடு விழுங்கிக் காட்டும் பூனை, வெற்றியைக் கொண்டாட மனிதர்கள் காபி போடச் செல்லும்வரை பொறுத்திருந்து, பாதி கரைந்த மாத்திரையைச் சோபாவுக்கடியில் பத்திரமாகத் துப்பிவைக்கிறது.

காயங்களுக்கு வந்தால், சமையலறை மீண்டும் முன்னணிக்கு வருகிறது. இரத்தம் கசியுமிடத்தில் காபித்தூளை அப்புவதைவிட, சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடமாவது விடாமல் அழுத்துவதே பயன்தரும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொருமுறை திறந்து பார்ப்பது உறைந்த இரத்தத்தைப் பிய்த்தெடுப்பதாகும். கழுவுவதற்கு, கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு கரைத்த கரைசல் போதும். உண்ணியைத் தோலையொட்டிச் சிமிட்டாவால் பிடித்து நேராக இழுக்கவேண்டும். மண்ணெண்ணெயும் ஊதுபத்தியும் உண்ணியைவிட நாயையே அதிகம் வருத்தும். நாயோ பூனையோ மனிதரைக் கடித்துவிட்டால், சுண்ணாம்பையும் மிளகாய்ப்பொடியையும் மறந்து, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்கவேண்டும். லூயி பாஸ்டர் இத்தடுப்பூசியை ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தியது 1885இல். குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது 1907இல். சுண்ணாம்பு டப்பாவோ இன்னும் பதவி விலகவில்லை.

ஆதலால் வீட்டில் வைத்திருக்கவேண்டிய முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, துணிக்கட்டு, வெப்பமானி, சிமிட்டா, நீர்த்த பொவிடோன் அயோடின், பெரிய துண்டு ஆகியவற்றோடு ஒரு வாய்ப்பூட்டும் இடம்பெறும். வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால், மூச்சுத்திணறலோ வாந்தியோ இல்லாதபோது அதை நாய்க்கு மாட்டலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரேயொரு வாய்ப்பூட்டுத்தான் இருக்கிறது, வீட்டிலோ நால்வர் இருக்கிறார்கள் என்ற நிலையில் யாருக்கு மாட்டுவது என்பதை அவர்கள் குடும்பத்தின் முடிவுக்கே விட்டுவிடுகிறார்கள். மூடியின் உட்புறத்தில் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணை ஒட்டிவைப்பதும் அவசியம்.

நோய் தீர்ந்தபின் எழும் உரிமைப் பிரச்சினைக்கு மட்டும் இத்துறை இன்னும் தீர்வு காணவில்லை. எழுந்து நடமாடத் தொடங்கிய நாய் பாட்டியின் திருநீற்றால் பிழைத்ததாக ஒரு தரப்பும், பக்கத்து வீட்டார் சொன்ன கஷாயத்தால் பிழைத்ததாக மறுதரப்பும் வாதிட, மருத்துவர் போட்ட ஊசியால்தான் அது சற்று இளைத்துவிட்டது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றுபடுகின்றன. இளைத்ததை ஈடுகட்ட அன்று மாலையே நெய்ச்சோறு பிசையப்படுவதால், மருத்துவருக்கு அடுத்த வாரமும் வேலை இருக்கிறது.