கண்ணாடி வைத்தியர்

மூக்குக் கண்ணாடியின் பிரேம் உடைந்தால் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே சரிசெய்பவர் கண்ணாடி வைத்தியர். தமிழ்நாடெங்கும் உண்டு என்றாலும் வாலாஜாபாத்தில் இவர் தழைக்கக் காரணம் இருக்கிறது. ஊரார் வேலைக்குப் போகும் ஒரகடம் தொழிற்சாலைகளின் ஷிப்டு நேரமும் கண்ணாடிக் கடை நேரமும் ஒத்துப்போவதில்லை. பிரேம் முறிவது இரவில். முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வருவதோ விடிவதற்குள்.

வயது நாற்பதுக்கு மேல். வேலை பெரும்பாலும் மெயின்டனன்ஸ். அங்கே ஒரு போல்ட்டை முறுக்கக்கூட டார்க் ரெஞ்சு வேண்டும் என்று நிற்பவர், வீட்டில் காய் நறுக்கும் கத்தி முனையால் ஸ்க்ரூ திருகுவார்.

எளிய நோய் அந்த ஸ்க்ரூ கழன்று விழுவது. அதன் தடிமன் பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தொலைந்தால் அகப்படாது; தேடுகிறவர் கண்ணில் கண்ணாடி இல்லை என்பதும் ஒரு காரணம். வீடே தரையில் தவழ்ந்து முடித்தபின் ஊக்கு அந்த இடத்துக்கு வரும். பல்குச்சியைச் செருகி ஒடித்துவிடுவது மேல், கன்னத்தைக் கீறாது.

பெரிய நோய் மூக்குப் பாலம் இரண்டாக முறிவது. கை தானாகவே பெவிக்விக்குக்கு நீளும். இந்த இனப் பசை பிறந்த கதை வேடிக்கையானது. 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது சயனோஅக்ரிலேட் கிடைத்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டியதால் ஒதுக்கிவிட்டார்கள். பசையாகக் கடைக்கு வந்தது 1958இல். தெளிவாகப் பார்ப்பதற்கென்று தேடப்போய்க் கிடைத்த அதே பொருள், லென்ஸைக் கழற்றாமல் ஒட்டினால் ஆவியாகி லென்ஸிலேயே வெள்ளையாகப் படியும். “வெளியில பனிங்க” என்று வைத்தியர் சமாளிப்பார். ஒட்டில் ஆப்ப சோடா தூவினால் உடனே கல்லாகும் என்று அவர் சொல்வது மெய்தான். ஆனால் கல் வளைந்துகொடுக்காது. தலைவழியே பனியனைக் கழற்றும்போது மறுபடி முறியும். அடுத்த கட்டம் எம்-சீல்.

பிரேம் எந்தப் பொருளால் ஆனது என்று மட்டும் பார்க்கமாட்டார். செல்லுலோஸ் அசிடேட்டாக இருந்தால், லென்ஸை எடுத்துவிட்டு முறிந்த முகங்களில் அசிடோன் தொட்டு அழுத்திப் பிடித்தாலே பிளாஸ்டிக் கரைந்து ஒன்றுசேரும். அதே அசிடோன் பாலிகார்பனேட் லென்ஸில் பட்டால் லென்ஸ் பாழ். டிஆர்-90 என்கிற நைலான் வகையில் வீட்டுப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. உலோக பிரேமுக்கு இவர் நம்பும் ஈயப் பற்றும் நிலைக்காது. வெள்ளிப் பற்று வேண்டும்.

குட்டு வெளிப்படுவது வேலையிடத்தில். எம்-சீல் மேட்டின்மேல் கம்பெனியின் பாதுகாப்புக் கண்ணாடி உட்காராமல் வழுக்கும், சூப்பர்வைசர் பார்த்துவிடுவார். அந்த வார லீவில் வைத்தியர் கடைக்குப் போய், பேரம் முடித்து, புது பிரேமோடு, “அண்ணே, ஸ்க்ரூ ரெண்டு சேத்துப் போடுங்க” என்பார்.