கடிகாரப்படி ஒரு மணித்தியாலம்

கோலாலம்பூரில் இருந்து கட்டுநாயக்காவுக்கு மூன்றரை மணித்தியாலப் பறப்பு. மலேசிய நேரமோ நமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அங்கே பின்னேரம் ஏழு மணிக்குக் கிளம்பினால் இங்கே எட்டு மணிக்கு இறங்கிவிடலாம்; கடிகாரப்படி ஒரே மணித்தியாலம். எங்கள் கூட்டத்தில் ஹாஜியார் மட்டும் இந்த லாபத்தில் பங்கெடுக்கவில்லை. "திரும்பி வரத்தானே போறம், எதுக்கு மகன் அதை முறுக்கிக் கெடுக்கிற?" என்று போன நாளில் இருந்து இலங்கை நேரத்தையே கையில் கட்டிக்கொண்டு திரிந்தவர் அவர். அதனால் எங்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் முடிந்த பயணம் அவருக்கு மட்டும் முழு மூன்றரையும் எடுத்தது.

கட்டுநாயக்காவில் இருந்து எங்கள் ஊர் குறிஞ்சாக்கேணிக்கு வரும்போது இப்படி எந்தச் சலுகையும் கிடையாது. குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஒவ்வொன்றையும் அதனதன் முழு நீளத்துக்கு ஓடித்தான் தீர்க்க வேண்டும்.

2024இல் போன கூட்டம் இது. கூட்டத்துக்கு அமீர், அதாவது தலைவர், ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர். போகும்போது நாங்கள் ஒரு தாய் பிள்ளைகள். பினாங்கில் நாசி கண்டார் கடையில் ஒரே தட்டில் கை வைத்தோம். அதை அங்கே வளர்த்தெடுத்ததே நம் தமிழ் முஸ்லிம்கள்தான் என்று அறிந்ததும், காசு கொடுக்கத்தான் வேண்டுமா என்றுகூட ஒருவர் யோசித்தார். இந்த ஒற்றுமை விமான நிலையத் தராசு வரைக்கும்தான் வந்தது. பெட்டி நிறை கூடிய சாச்சி, நிறை குறைந்த பெட்டிக்காரரைத் தேடி நடந்தார். நிறை குறைந்தவர்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து ஒண்டுக்கு வந்தது. ஹாஜியார் தன் பெட்டியைத் தொடவே விடவில்லை. மஸ்ஜித் இந்தியாத் தெருவில் அவர் ஒரு கோப்பிப் பொட்டலம் வாங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். பொட்டலத்தின் ஒரு பக்கத்தில் ஒரு வேரின் படம். அடுத்த பக்கத்தில் மார்பைத் திறந்த ஒரு பயில்வானின் படம். "மூட்டு நோவுக்கு" என்றார், கேட்காமலே.

கட்டுநாயக்காவில் இறங்கியதும் அடுத்த சோதனை. வேறு நாடுகளில் வருகிற வாசலில் வாசனைத் திரவியமும் சொக்கிலேட்டும் விற்பார்கள். நம் நாட்டில் குளிர்சாதனப் பெட்டியும் உடுப்புத் தோய்க்கும் மெசினும் விற்கிறார்கள். மலேசியா முழுக்கச் சுற்றியும் ஒரு சாமானில் மனம் நிலைக்காத சாச்சி, தீர்வையில்லாக் கடையில் இரட்டைக் கதவு பிரிட்ஜ் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். வேனில் இடமில்லை என்று அமீர் சொன்னார். "ஆக்கள் மடியில இரிக்கலாமே" என்றார் சாச்சி.

வேனுக்குள் ஏறிய பிறகுதான் மார்க்கப் பிரச்சினை கிளம்பியது. பயணிக்கு நாலு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்கும். சொந்த ஊருக்குள் நுழைந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். இஷாவை வழியில் தொழுவதா, வீட்டில் தொழுவதா? வழியில்தான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பயணம் முழுக்க எங்கே சாப்பிடுவது என்பதில்கூட வராத ஏகோபித்த முடிவு! தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிவாசலில் வேனை நிறுத்தி, உரிமையோடு இரண்டு ரக்அத் தொழுதோம்.

ஹபரணை தாண்டிய காட்டு வீதியில் ட்ரைவர் தம்பி திடீரென்று லைட்டைக் குறைத்தார். முன்னால் யானை. வெள்ளைக்காரர்கள் ஜீப்புக்குக் காசு கட்டி ஹுருலுக் காட்டுக்குள் தேடிப்போகிற அதே ஆள், எங்களைத் தேடித் தானாக ரோட்டுக்கு வந்திருந்தது. லங்காவியில் சீமெந்துக் கழுகுக்கு முன்னால் மணிக்கணக்காகப் படம் பிடித்தவர்கள், இங்கே ஒருவரும் போனைத் தூக்கவில்லை. எல்லோரும் ஓதத் தொடங்கினார்கள். யானை கடைசியாக ஒருமுறை வேனின் கூரையில் கட்டியிருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு, ஆட்டிய காதை நிறுத்தாமல் காட்டுக்குள் இறங்கியது. நாட்டுக்குள் வந்த பிறகு எங்கள் சாமான்களைப் பார்த்த சுங்க அதிகாரி அது ஒன்றுதான்.

கந்தளாயில் தயிர்ச்சட்டிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்தாலும் கிண்ணியாக்காரன் கந்தளாயில் தயிர் வாங்குவது நடக்கிற காரியமா?

சீனக்குடா, வெள்ளைமணல், பிறகு கிண்ணியாப் பாலம். 2009 ஒக்டோபரில் திறந்தபோது நாட்டின் ஆக நீளமான பாலம் என்று சொன்னோம், 396 மீற்றர். அதற்கு முன் எங்கள் தலைமுறையே படகுப்பாதைக்குக் காத்து நின்றுதான் மறுகரை கண்டது. ஆனால் இப்போது வேனில் இருப்பவர்கள் பினாங்கில் 13.5 கிலோமீற்றர் பாலம் பார்த்து வந்தவர்கள். பாலம் தொடங்கியதும் ஒருவர் "இது என்ன..." என்று வாயெடுத்தார். வசனம் முடிவதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

அதற்கப்பால் ஒருவரும் பகிடி விடவில்லை. கிண்ணியாவுக்கும் குறிஞ்சாக்கேணிக்கும் நடுவில் கிடக்கிற தண்ணீர் கொஞ்சம்தான். புதிய பாலம் கட்ட என்று 2021இல் பழையதை எடுத்தார்கள். அந்த நவம்பர் 23 காலை, பதிலுக்கு ஓடிய படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். நாங்கள் திரும்பி வந்த அந்த இரவிலும் பாலம் முடிந்திருக்கவில்லை. கடல் தாண்டிப் பறந்து வந்தவர்கள், எதிரே விளக்கெரிகிற ஊருக்குள் போகச் சுற்றுவழியில் திரும்பினோம்.

ஊருக்குள் வந்ததும் மறுபடி சண்டை. முதலில் இறங்குகிறவரின் பெட்டி எப்போதும் ஆக அடியில்தான் இருக்கும். இது வேன்காரர்கள் எல்லோரும் கட்டிக்காக்கிற ஒரு சட்டம். ஒவ்வொரு வாசலிலும் முழுச் சாமானும் ரோட்டில் இறங்கி, ஒன்று குறைந்து, மற்றதெல்லாம் ஏறியது. நாய்கள் குரைத்தன. ஜன்னல்கள் திறந்தன. யார் யார் என்னென்ன கொண்டுவந்தார்கள் என்ற விபரம் விடியுமுன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டிகள் எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை; அடையாளத்துக்கு என்று அமீர் எல்லாவற்றிலும் ஒரே சிவப்பு ரிபனைக் கட்டியிருந்தார்.

சுபஹு பாங்குக்கு முன்னால் போன் அடித்தது. ஹாஜியார்.

"மகன், பெட்டி மாறிப் போச்சு போல. இதுக்குள்ள பொம்புளப் புள்ளைர சப்பாத்து இரிக்கி."

"அப்பிடியா ஹாஜியார்? விடிஞ்சதும் கொண்டு வாறன்."

"அவசரமில்ல, அவசரமில்ல." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வீட்டுல ஒருத்தரும் திறக்கல்லதானே?"

குசினியில் இருந்து மனைவி இரண்டு கோப்பைகளோடு வந்துகொண்டிருந்தாள். "மலேசியாக் கோப்பியாம், ஒருக்காக் குடிச்சுப் பாருங்க," என்றாள், போனுக்கும் கேட்கிற சத்தத்தில்.