மில்லுக்குள் நடந்து பார்த்த காலம்

இன்று ஒரு நூற்பாலைக்குத் தீ இன்சூரன்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அதற்குள் ஒருவர் நடந்து பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. படங்கள் கைப்பேசிக்கு வருகின்றன, கூரையை ட்ரோன் சுற்றி வருகிறது, சாயங்காலத்துக்குள் பாலிசி மின்னஞ்சலில் போய்ச் சேர்கிறது. 1973-இல் 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அரசுடைமையாகி நான்காகத் திரண்டன. அதற்குச் சில வருஷம் கழித்து அந்த நான்கில் ஒன்றில் இளம் பொறியாளனாகச் சேர்ந்த எனக்கு, 'ரிஸ்க் இன்ஸ்பெக்‌ஷன்' என்றால் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, விடியலில் கோவையில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, பீளமேட்டிலோ சிங்காநல்லூரிலோ சங்கு ஊதும் நேரத்துக்கு ஒரு மில் வாசலில் போய் நிற்பது.

முதலில் ப்ளோ ரூமுக்குத்தான் போவோம். பஞ்சோடு பஞ்சாக வரும் கல்லோ, பேல் கட்டிய இரும்புப் பட்டையின் துண்டோ, சுழலும் பீட்டரில் பட்டால் பொறி பறக்கும். அந்தப் பொறியைக் காற்றே இழுத்துக்கொண்டு போய் அடுத்த மெஷினில் சேர்த்துவிடும். அதனால் இரும்பைப் பிடிக்கக் காந்தம் வைத்திருக்கிறார்களா, வைத்திருந்தால் அதைத் தினமும் துடைக்கிறார்களா என்று பார்ப்போம். சுவரில் சிவப்பு வாளிகள் தொங்கும். பழைய சினிமாக் கொட்டகைகளில் மணலோடு வரிசையாகத் தொங்குமே, உங்களுக்கும் நினைவிருக்கும், அதே வாளிகள். அடிப்பாகம் உருண்டையாக இருக்கும்; தரையில் நிற்காது என்பதால் வேறு வேலைக்கு யாரும் தூக்கிப் போக மாட்டார்கள். இத்தனை எளிமையான ஒரு யோசனையைச் செய்து வைத்தவர் யாரோ என்று அந்த வயதில் அதன்முன் நின்று வியந்திருக்கிறேன். இன்றும் அந்த வியப்பு போகவில்லை.

படிப்பு சொல்லித் தராததை மேஸ்திரிகள் சொல்லித் தந்தார்கள். பிற்பாடு நான் சர்வேயரானபோது, தீப்பிடித்த ஒரு குடோனில் எல்லாம் அணைந்துவிட்டது என்று எண்ணி நோட்டைத் திறந்தவனை ஒரு பெரியவர் தடுத்தார். "தம்பி, வெளியத்தானுங்க அணைஞ்சிருக்குது. பேலுக்குள்ள கங்கு கெடக்குது. நாளன்னிக்கு வந்து எண்ணுங்க." அழுத்திக் கட்டிய பஞ்சு நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனலும், பிரித்தால் காற்றுப்பட்டு மறுபடி பற்றும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். எரிந்ததில் எதைக் காயவைத்து விற்கலாம், எது குப்பை என்று கையால் கிள்ளிப் பார்த்தே அவர் பிரித்துக் கொடுத்தார். என் சால்வேஜ் கணக்கு முழுக்க அவர் விரல்களில் இருந்து வந்தது.

அப்போது விலை எல்லாருக்கும் ஒன்று. நாடு முழுவதற்கும் ஒரே தீ டாரிஃப் புத்தகம். கீற்றுக் கூரையா, கூடுதல் பிரீமியம். ஆலை மூடிக் கிடக்கிறதா, 'சைலண்ட் ரிஸ்க்', அதற்குக் குறைந்த விகிதம். தீயணைப்புச் சாதனம் முறைப்படி இருந்தால் தள்ளுபடி. ஒரு முதலாளி தண்ணீர்த் தொட்டியும் ஹைட்ரண்ட் குழாயும் போட அந்தத் தள்ளுபடியே தூண்டுதலாக இருந்தது. 2007 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாடு விலகியதும் நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு விலையைக் குறைத்தன. வாங்குகிறவருக்கு லாபம்தான், மறுப்பதற்கில்லை, ஆனால் தொட்டி கட்டினவருக்கும் கட்டாதவருக்கும் விலை ஏறத்தாழ ஒன்றாகிப்போனால் தொட்டி யார் கட்டுவார் என்பதே என் கவலை.

வழக்குகளுக்கு ஆலோசனை சொல்ல வந்தபின் பார்த்தவற்றில் முக்கால்வாசி இரண்டு காகிதங்களின் சண்டை. கணக்குப் புத்தகத்தில் ஒரு சரக்கிருப்பு, கடனுக்காக மாதாமாதம் வங்கிக்குக் கொடுத்த ஸ்டேட்மெண்டில் அதைவிடப் பெரிய சரக்கிருப்பு. தீ வந்த பிறகு எது உண்மை என்று கேட்டால் எதைச் சொன்னாலும் இடிக்கும். அடுத்தது 'ஆவரேஜ்'. பத்து லட்சம் பெறுமான சரக்கை ஆறு லட்சத்துக்கு மட்டும் இன்சூர் செய்தவருக்கு மூன்று லட்சம் எரிந்தால் ஒரு லட்சத்து எண்பதாயிரம்தான் கிடைக்கும். சாம்பலுக்கு நடுவில் நிற்கும் மனிதரிடம் இந்தக் கணக்கை விளக்குவது இந்தத் தொழிலின் ஆகக் கடினமான வேலை. 2021 ஏப்ரலில் வந்த சிறுதொழிலுக்கான பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவையும், வீடுகளுக்கான பாலிசியில் முழுக் குறைவையும் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று படித்த அன்று மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

விபத்து வழக்குகளிலும் அப்படித்தான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துச் சிறு வழக்குகள் நீதிமன்றத் தாழ்வாரத்தில், புருஷனை லாரிக்குப் பறிகொடுத்த பெண்கள் கைக்குழந்தையோடு வாய்தா வாய்தாவாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். செத்தவர் வயதுக்கு எத்தனை வருஷ வருமானம் என்பதே அப்போது தீராத வாதம். 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அட்டவணை போட்டுக் கொடுத்தது: 26 முதல் 30 வயதுக்கு 17, 41 முதல் 45 வயதுக்கு 14. அந்த ஒரு பக்கம் எத்தனையோ வாய்தாக்களை மிச்சப்படுத்தியது. விசாரணை காணொளியில் நடக்கிறபோது ஊரிலிருந்து பஸ் ஏறி வரும் செலவும் மிச்சம். வளாகத்து டீக்கடையில் எதிர்த் தரப்பு வக்கீலோடு நின்று, "சார், இதை இழுக்க வேண்டாம், முடிச்சுக்கலாம்" என்று பேசித் தீர்த்த சமரசங்கள்தான் இப்போது குறைந்துவிட்டன; திரையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

என்னோடு இப்போது ஒரு இளைஞர் வேலை செய்கிறார். போன வாரம் மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகள் அடுக்கிய குடோன் ஒன்றைப் பற்றி அழகான அறிக்கை கொடுத்தார், எல்லாம் படங்களை வைத்தே எழுதியது. லித்தியம் பேட்டரி அணைந்ததாகத் தோன்றிய பிறகும் மறுபடி பற்றும் குணமுள்ளது; பழைய டாரிஃப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. ராத்திரியில் அங்கே யார் காவல், சார்ஜ் போடுவது யார், பொசுங்கும் வாடை வந்தால் அவர் முதலில் யாருக்குச் சொல்வார் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை இருவரும் நேரில் போகிறோம்.