மூன்றாவது தட்டு

எண்பதுகளின் இளையராஜா எல்.பி.க்கள் என்னிடம் 47. ‘சிந்து பைரவி’ (1985) மட்டும் மூன்று: கேட்க ஒன்று, பார்க்க ஒன்று, இன்னொரு சேகரிப்பாளர் கைக்குப் போய்விடக் கூடாதே என்று ஒன்று. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டியவை பீரோவில் விறைத்து நிற்கின்றன. படுக்க வைத்து அடுக்கினால் வளைந்துவிடுமாம். அன்று இதே தட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டுக் கேசட்டுக்கு ஓடியவனும் நான்தான். இன்று எக்கோ கம்பெனி உறை கிழியாமல் கிடைத்தால் பேரம் பேச நா எழுவதில்லை.

பிளேயரின் ஊசி தேய்ந்து இரண்டு வருடம். “ஏங்க, இது கேக்கவா, பூஜை பண்ணவா?” என்கிறாள் மனைவி. கீறல் சத்தத்தில்தான் உயிரே இருக்கிறது என்று விளக்கினேன். அவள் சமையலறையில் செல்போனில் அதே ‘சிந்து பைரவி’ பாட்டைப் போட்டாள். கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டேன்.