1.3 லிட்டர் பகாசுரன்

கே: என் பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வெறும் 1.3 லிட்டர் எஞ்சின்தான். ஆனால் பெட்ரோலை மடக்மடக்கென்று குடிக்கிறதே, மைலேஜ் கூட வழியுண்டா?

ப: 1.3 என்ற எண்ணை நம்பியா வாங்கினீர்கள்? அது வான்கெல் ரோட்டரி. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும். எரியும் அறை நீண்டு ஒடுங்கியது. மூலைக்குத் தீ எட்டாமல் கொஞ்சம் பெட்ரோல் அப்படியே புகையோடு போய்விடும். போதாக்குறைக்கு எஞ்சின் ஆயிலையும் எரிக்கும். கோளாறல்ல, பிறவிக்குணம்! முதலில் இக்னிஷன் காயில், நான்கு பிளக் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இந்தக் காரில் காயில்தான் சீக்கிரம் படுக்கும். டயரில் காற்று பாருங்கள். தெருமுனையில் பால் வாங்க இதை எடுக்காதீர்கள். சூடேறுமுன் அணைத்தால் பிளக் நனைந்து அடுத்தமுறை அடம்பிடிக்கும். இப்படியெல்லாம் மிச்சம் பிடித்ததை, கியர் மாற்றாமல் 9,000 ஆர்பிஎம் வரை மிதித்துத் தீர்த்துவிடுவீர்கள், எனக்குத் தெரியாதா?