கப்பல்தளத்தில் கரைந்த நடுநிலை

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிட்டன் உண்மையிலேயே நடுநிலை வகித்ததா?

பதில்: காகிதத்தில் வகித்தது, கப்பல்தளத்தில் வழுக்கியது. 1861 மே மாதம் வெளியான நடுநிலைப் பிரகடனம், தெற்கு மாநிலங்களைத் தனி நாடாக ஏற்காவிட்டாலும், ‘போரிடும் தரப்பு’ என்ற தகுதியை, அதாவது வெளிநாடுகளில் கடன் திரட்டவும் நடுநிலைத் துறைமுகங்களில் கப்பல்களை நிறுத்தவும் இடம்தரும் சட்ட நிலையை, அவற்றுக்கு வழங்கியதால், போரை வெறும் கிளர்ச்சியாகவே கருதிய வடக்கின் அதிபர் லிங்கனின் அரசு சீறியது. தன் பருத்தி வராவிட்டால் பிரிட்டனின் லங்காஷயர் ஆலைகள் முடங்கும், அப்போது பிரிட்டன் தானே துணைக்கு ஓடிவரும் என்று தெற்கு போட்ட கணக்கு பொய்த்தது. ஆலைகள் முடங்கின, ஆனால் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள் அந்தப் பட்டினிக்கு நடுவிலும் தெற்கின் அடிமை முறைக்கு எதிராக லிங்கனுக்கு மடல் அனுப்பினர். அந்நாளைய அமைச்சர் எவருக்கும் வாய்க்காத பெருமை அது. அமைச்சர்களோ, பிரிட்டனின் பிர்கன்ஹெட்டில் தெற்கிற்காகக் கட்டப்பட்ட ‘அலபாமா’ கப்பல் 1862 ஜூலையில் நழுவும்வரை அதைத் தடுக்கத் தயங்கிக்கொண்டே இருந்தனர். அசோர்ஸ் தீவுகளருகே பீரங்கிகளை ஏற்றிக்கொண்ட அக்கப்பல், வடக்கின் வணிகக் கப்பல்களை அறுபதுக்கும் மேல் கைப்பற்றியது. நடுநிலை நாடு காட்டவேண்டிய ‘உரிய விழிப்பு’ தவறியதென 1872-இல் ஜெனீவா நடுவர் மன்றம் தீர்ப்பளிக்க, பிரிட்டன் அமெரிக்காவுக்கு 1.55 கோடி டாலரைத் தங்கமாகச் செலுத்த வேண்டியதாயிற்று.